தொழிற்சாலைத் தூசி படிந்த காரின் உட்புறத்தை வீட்டிலேயே தூய்மை செய்வது எப்படி?

கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய் கண்டிகை, காக்களூர் ஆகிய தொழிற்பேட்டைகளில் பணிபுரிவோர் முன்பெல்லாம் பெரும்பாலும் மின்சார ரயிலிலும் பேருந்திலும் நிறுவன வேனிலும் வந்து சென்றனர். இன்று தவணையில் வாங்கிய சிறு கார் ஒன்று பல வீடுகளின் வாசலில் நிற்கிறது. காலையில் பணிக்குச் செல்வதும், மாலையில் குழந்தையைத் தனிப்பயிற்சி வகுப்பிலிருந்து அழைத்து வருவதும், செவ்வாய்க்கிழமை சிறுவாபுரி கோயிலுக்குப் போவதும், மாதம் ஒரு முறை முதியவரை மருத்துவமனைக்குக் கொண்டுவருவதும் அதே கார்தான்.

இப்பக்கம் அந்தக் காரின் உட்புறத்தைப் பற்றியது. காரை அழகாக வைத்துக்கொள்ளும் முறையை விளக்குவது இதன் நோக்கமன்று. பணியிடத்தில் உடையிலும் காலணியிலும் ஒட்டிய தூசி காரின் இருக்கையிலும் கால்மிதியிலும் தங்கி, அதில் பயணம் செய்யும் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் நோயாளிக்கும் சென்று சேர்வதைத் தடுப்பதே நோக்கம். பழைய பேட்டரியைப் பிரித்தல், காரீயம் உருக்குதல், உலோகக் கழிவு சேகரித்தல், பழைய வண்ணப்பூச்சைச் சுரண்டுதல், வார்ப்பாலை வேலை ஆகியவற்றில் குடும்பத்தினர் எவரேனும் இருந்தால் இதை முழுவதும் படிக்கவும். அத்தகைய பணி எதுவும் இல்லாத, ஆனால் ஆஸ்துமா நோயாளி உள்ள வீட்டினருக்கும், மழைவெள்ளம் புகுந்த காரை வைத்திருப்போருக்கும் பிற்பகுதி பயன்படும்.

எந்த ஈயம்?

புறநோயாளிப் பிரிவில் "ஈயம்" என்று சொன்னவுடன் பலரும் ரசம் வைக்கும் ஈயச்சொம்பை நினைத்துக்கொள்கின்றனர். ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் செய்யப்படுவது. நாம் இங்கே பேசுவது காரீயத்தைப் பற்றி. கார், லாரி, வீட்டு இன்வெர்ட்டர் ஆகியவற்றின் பேட்டரிக்குள் தகடாக இருப்பது இதுவே. (மலிவாக விற்கப்படும் ஈயச்சொம்பில் காரீயம் கலந்திருந்தால் அதுவும் ஆபத்தே. அது தனியே பேச வேண்டியது.)

காரீயத்தால் உடலுக்கு எந்தப் பயனும் இல்லை. பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. விழுங்கப்படும் காரீயத்தைச் சிறு குழந்தைகளின் குடல் பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு வரை உறிஞ்சிக்கொள்கிறது. இரும்புச்சத்துக் குறைபாடு உள்ள குழந்தையின் உடல் மேலும் கூடுதலாக உறிஞ்சும். இரத்தசோகை, பசியின்மை, மலச்சிக்கல், விட்டு விட்டு வரும் வயிற்றுவலி, எரிச்சல், கற்றலில் பின்தங்குதல் ஆகியவை அறிகுறிகளாக இருக்கலாம். பெரும்பாலான குழந்தைகளிடம் வெளிப்படையான அறிகுறி எதுவுமே தென்படுவதில்லை என்பதுதான் இதில் கவலைக்குரியது. பிள்ளை நன்றாக ஓடி விளையாடுகிறான் என்பது காரீயம் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

உடலில் புகும் காரீயம் எலும்பில் சேர்ந்து பல ஆண்டுகள் தங்கும். கர்ப்பகாலத்தில் எலும்பிலிருந்து வெளியேறி, தாயின் இரத்தம் வழியாகக் கருவிலுள்ள சிசுவையும் அடையும்.

வீட்டில் கிடைக்காதது காரில் கிடைத்தது

குழந்தையின் இரத்தத்தில் காரீயம் கூடுதலாக இருப்பது தெரிந்தால் பெற்றோர் வீட்டைத்தான் முதலில் கழுவுகின்றனர். இது இயல்பு. ஆனால் வீட்டோடு நிறுத்திவிடக் கூடாது என்பதற்கு அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 2008-இல் நடந்த ஆய்வு நல்ல எடுத்துக்காட்டு. அவ்வாண்டு அங்கே இரத்தப் பரிசோதனையில் காரீயம் மிகுந்திருந்த 55 குழந்தைகள் கண்டறியப்பட்டனர். பெரும்பாலோர் வீடுகளில் காரணம் கிடைத்துவிட்டது. பழைய வண்ணப்பூச்சு, மண், குடிநீர் போன்றவையே அவை. 5 குடும்பங்களைச் சேர்ந்த 6 குழந்தைகளின் வீடுகளில் மட்டும் எதுவும் கிடைக்கவில்லை. பின்னர் அக்குடும்பங்களின் வாகனங்களையும், அவற்றில் பொருத்தியிருந்த குழந்தை இருக்கைகளையும் சோதித்தபோது அங்கே காரீயத் தூசி இருந்தது. வண்ணப்பூச்சு அகற்றும் பணியிலும் உலோக மறுசுழற்சிப் பணியிலும் இருந்த பெரியவர்களின் உடையோடு அது வந்திருந்தது.

நம் பகுதிக்கு இன்னும் நெருக்கமானது போர்ட்டோ ரிக்கோ தீவில் 2011-இல் வெளிப்பட்ட நிகழ்வு. பழைய பேட்டரிகளை மறுசுழற்சி செய்யும் ஆலை ஒன்றின் தொழிலாளர்களுடைய வீடுகளிலும் வாகனங்களிலும் தூசி மாதிரிகள் எடுக்கப்பட்டன. வீடுகளில் 49 விழுக்காட்டில் காரீயத்தின் அளவு அந்நாட்டு வரம்பைத் தாண்டியிருந்தது. வாகனங்களிலோ 85 விழுக்காடு தாண்டியிருந்தன.

வீட்டைவிடக் கார் மோசமாக இருந்தது ஏன் என்பதை எண்ணிப் பார்த்தால் வியப்பில்லை. வீட்டில் காலணியை வாசலில் கழற்றுகிறோம்; காரில் அணிந்தபடியே அமர்கிறோம். வீட்டைத் தினமும் பெருக்கித் துடைக்கிறோம். காரின் கால்மிதிக்கு அடியில் என்ன இருக்கிறதென்று விற்கும் நாள்வரை பார்ப்பதில்லை. பணி முடிந்த உடையோடு முதலில் அமரும் இடம் கார்தான். துணி இருக்கை அத்தூசியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு முறை ஒருவர் அமரும்போதும் அது சிறிது மேலெழுகிறது. ஏசி ஓடும்போது கண்ணாடிகள் மூடியிருப்பதால் வெளியேற வழியில்லை. குழந்தையோ இருக்கையைப் பிடித்த கையால் முறுக்கு தின்னும்.

தொடங்குவதற்கு முன்

இவ்வேலையைச் செய்பவர் உடல்நலமுள்ள, 18 வயது நிறைந்த ஒருவராக இருக்க வேண்டும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், ஆஸ்துமா மற்றும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகள், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்வோர், சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டோர் ஆகியோர் இதில் ஈடுபடக் கூடாது. அருகிலும் நிற்கக் கூடாது. "தண்ணீர் எடுத்துக் கொடுக்கட்டும்" என்று பிள்ளைகளைத் துணைக்கு அழைப்பதையும் தவிர்க்கவும்.

காரை நிழலான திறந்த வெளியில் நிறுத்தவும். கிணறு, அடுக்களைச் சன்னல், குழந்தைகள் விளையாடும் மணல் ஆகியவற்றிலிருந்து விலகி இருக்கட்டும். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிட்டு ஏசியின் துணையோடு செய்வது கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடு வாயு மணமின்றிச் சேர்ந்து உயிரைப் பறிக்கும். எஞ்சினை நிறுத்தி, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எல்லாக் கதவுகளையும் டிக்கியையும் திறந்துவிடவும்.

தேவையானவை: என்-95 முகக்கவசம், ரப்பர் கையுறை, பழைய முழுக்கை உடை, தலையை மூடும் துணி, இரண்டு வாளிகள், பாத்திரம் துலக்கும் திரவ சோப்பு, நீர் தெளிக்கும் பாட்டில், ஒரு சிறு தூரிகை, பத்துப் பதினைந்து பழைய பருத்தித் துணிகள் அல்லது மைக்ரோஃபைபர் துணிகள், தடித்த பிளாஸ்டிக் பைகள், தரையில் விரிக்க ஒரு தார்ப்பாய். சாதாரண மெல்லிய முகக்கவசம் நுண்ணிய தூசியைத் தடுக்காது. வேலை முடியும்வரை எதையும் உண்ணவோ, வெற்றிலை போடவோ, புகைக்கவோ வேண்டாம்.

வாக்குவம் கிளீனர் பற்றி ஓர் எச்சரிக்கை. வீட்டில் பயன்படுத்தும் சாதாரண வகை முன்புறம் உறிஞ்சும் நுண்தூசியைப் பின்புறக் காற்றோடு வெளியே தள்ளிவிடும். ஹெப்பா வடிகட்டி உள்ள இயந்திரம் மட்டுமே இதற்கு ஏற்றது. அது இல்லையெனில் வாக்குவம் இல்லாமலேயே, ஈரமுறையில் மட்டும் செய்யவும். பாதி நன்மை செய்யும் என்று எண்ணிச் சாதாரண இயந்திரத்தைப் பயன்படுத்துவது தூசியைக் காரெங்கும் பரப்புவதாகவே முடியும்.

வாட்டர் சர்வீஸ் நிலையங்களில் அழுத்தக் காற்றால் உட்புறத்தை ஊதிவிடுவது வழக்கம். பார்ப்பதற்கு அது மிகச் சுத்தமாகத் தெரியும். தூசியோ மேற்கூரைத் துணியிலும் ஏசித் துளையிலும், அங்கே வேலை செய்யும் இளைஞரின் மூச்சிலும் போய்ச் சேர்கிறது. காரீயம் இருக்கலாம் என்ற ஐயமுள்ள காரை அங்கே விடும்போது காற்றால் ஊத வேண்டாம் என்று சொல்லிவிடுவது அவருக்கும் நாம் செய்யும் உதவி. துடைப்பத்தால் பெருக்குவதும், கால்மிதியைச் சுவரில் அடித்து உதறுவதும் இதே வகையைச் சேர்ந்தவையே.

தூய்மை செய்யும் முறை

முதலில் காரில் உள்ள பொருள்கள் அனைத்தையும் தார்ப்பாயின் மீது எடுத்து வைக்கவும். பொம்மை, தலையணை, சால்வை, தண்ணீர்ப் பாட்டில், பழைய ரசீதுகள் எதையும் விட்டுவிட வேண்டாம். துணிப் பொம்மைகளைக் கழிப்பதே நல்லது. பிளாஸ்டிக் பொம்மைகளைச் சோப்பு நீரில் கழுவலாம். ரப்பர் கால்மிதிகளை உதறாமல், நீர் தெளித்த பின் மெதுவாகத் தூக்கி வெளியே எடுத்துக் கழுவவும். கம்பள வகைக் கால்மிதி பழையதாக இருந்தால் பையில் கட்டிக் கழித்துவிட்டு ரப்பர் கால்மிதி வாங்கிக்கொள்ளலாம். இருநூறு முந்நூறு ரூபாயை மிச்சப்படுத்த நினைத்து அதைக் காப்பாற்றுவது பயனற்றது.

வேலை மேலிருந்து கீழாக நடக்க வேண்டும். ஹெப்பா இயந்திரம் இருந்தால் முதலில் கூரை, பின்பு இருக்கைகள், இறுதியில் தரை என்று மெதுவாக உறிஞ்சவும். இருக்கையின் தையல் மடிப்பு, இரண்டு இருக்கைகளுக்கு இடையிலான பிளவு, இருக்கை முன்பின் நகரும் இரும்புத் தண்டவாளம் ஆகிய மூன்று இடங்களில் கூடுதல் நேரம் செலவிடவும்.

அடுத்து ஈரத்துணி. ஒரு வாளியில் சோப்பு கலந்த நீரும் மற்றொன்றில் வெறும் நீரும் வைத்துக்கொள்ளவும். துணியை நான்காக மடித்து, சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்து, ஒரு முகத்தால் ஒரு பகுதியை ஒரு முறை மட்டும் ஒரே திசையில் துடைக்கவும். பின்னர் மடிப்பைத் திருப்பி அடுத்த முகத்தைப் பயன்படுத்தவும். அழுக்கான துணியை நேரே சோப்பு வாளியில் போடக் கூடாது. முதலில் வெறும் நீரில் அலசிப் பிழிந்த பிறகே சோப்பு நீரில் நனைக்க வேண்டும். வெறும் நீர் கலங்கியவுடன் மாற்றவும். இந்த ஒழுங்கைத் தவறவிட்டால் அழுக்கைக் கரைத்துக் கார் முழுவதும் பூசியதாகவே ஆகும். ஒரு சிறு காருக்கு ஏழெட்டு முறை நீர் மாற்ற வேண்டியிருக்கும்.

கூரைத்துணி பசையால் ஒட்டப்பட்டது. மிக நன்றாகப் பிழிந்த துணியால் ஒற்றி எடுத்தாலே போதும். அதிகம் நனைந்தால் தொங்கிவிடும். டேஷ்போர்டு, ஸ்டீயரிங், கியர்ப் பிடி, கை பிரேக், கதவுப் பிடிகள் ஆகியவை கை படும் இடங்கள். குழந்தையின் வாய்க்குத் தூசி செல்லும் வழி பெரும்பாலும் இவையே என்பதால் இவற்றை இரண்டு முறை துடைக்கவும். சன்னல் பொத்தான்களில் நீர் வடியக் கூடாது. ஏசித் துளைகளின் இதழ்களைச் சோப்பு நீரில் தோய்த்து உதறிய சிறு தூரிகையால் துடைக்கலாம்.

சீட் பெல்ட்டை நாம் மறந்துவிடுகிறோம். அதை முழுநீளத்துக்கும் வெளியே இழுத்து, ஒரு கிளிப்பால் பிடித்து நிறுத்தி, இருபுறமும் சோப்பு நீரால் துடைத்து, பின் வெறும் நீரால் துடைக்கவும். நன்கு உலர்ந்த பிறகே உள்ளே செல்ல விடவும். பிளீச்சிங் கரைசலோ அமிலமோ பட்டால் பெல்ட்டின் இழை வலுவிழக்கும். குழந்தை இருக்கை பயன்படுத்துவோர் அதன் துணி உறையைக் கழற்றித் தனியே துவைக்கவும். உறையைக் கழற்ற முடியாத, தூசி ஊறிய பழைய குழந்தை இருக்கையை மாற்றுவதே சரி.

துணி இருக்கைகளை ஈரத்துணியால் மட்டும் முழுமையாகச் சுத்தம் செய்துவிட முடியாது. மேலே படிந்தது வரும். உள்ளே இறங்கியது வராது. எனவே துடைத்து உலர்ந்த பின் ரெக்சின் உறை போட்டுக்கொள்ளப் பரிந்துரைக்கிறேன். அதை வாரந்தோறும் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். இருக்கையின் பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள கார்களுக்கு அதற்கென்றே தைத்த உறையைக் கேட்டு வாங்கவும். இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்பிகள் தெரிந்தால் அவை ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றை இழுக்கவோ நனைக்கவோ கூடாது.

தரையில் ஓட்டுநரின் காலடியும் பெடல்களும்தான் மிக மோசமாக இருக்கும். அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளவும். துடைத்து உலர்ந்த பிறகு ஹெப்பா இயந்திரத்தால் மறுபடியும் ஒரு முறை உறிஞ்சினால் நல்லது.

ஏசியின் காற்று வடிகட்டி பெரும்பாலான கார்களில் முன்னிருக்கைக்கு எதிரேயுள்ள பெட்டிக்குப் பின்னால் இருக்கும். அதைத் தட்டாமல், மெதுவாக உருவி உடனே பையில் இட்டுக் கட்டவும். ஊதியோ கழுவியோ மீண்டும் போடாமல் புதியதை மாற்றவும். புதியது போட்ட பின் கண்ணாடிகளை இறக்கி, திறந்த வெளியில் பத்து நிமிடம் விசிறியை ஓடவிட்டு, அந்நேரம் எவரும் காருக்குள் இல்லாமல் பார்த்துக்கொள்ளவும்.

கார் ஒரு நாள் முழுவதும் கதவு திறந்து உலர வேண்டியிருக்கும். திறந்து கிடக்கும் கார் பிள்ளைகளுக்கு விளையாட்டு வீடு போலத் தோன்றும். உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டால் நம் ஊர் வெயிலில் சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரும். உலரும் நேரம் முழுவதும் ஒரு பெரியவர் கண்காணிக்க வேண்டும்.

அழுக்கு நீரைச் செடிக்கோ தெருவுக்கோ ஏரிக் கால்வாய்க்கோ ஊற்றாமல் கழிப்பறையில் ஊற்றவும். துணிகள், கையுறை, பழைய வடிகட்டி ஆகியவற்றைப் பையில் கட்டி, வீட்டு அபாயக் கழிவு என்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் தனியே ஒப்படைக்கவும். எரிக்கக் கூடாது. வேலை செய்தவர் அவ்வுடையைத் தனியே ஊறவைத்துத் துவைத்து, தலைக்குக் குளித்த பின்னரே குழந்தையைத் தூக்க வேண்டும். சானிடைசர் கிருமியைக் கொல்லும், காரீயத்தை நீக்காது. சோப்பும் ஓடும் நீருமே தேவை.

பயன்படுத்தக் கூடாதவை

கழிப்பறை கழுவும் அமிலத் திரவத்தையும் பிளீச்சிங் கரைசலையும் ஒன்றாகவோ ஒன்றன்பின் ஒன்றாகவோ பயன்படுத்தினால் குளோரின் வாயு உண்டாகும். காரின் சிறு இடத்தில் இது நுரையீரலைக் கடுமையாகப் பாதிக்கும். காரீயத்தை நீக்க இவ்விரண்டும் உதவுவதுமில்லை. பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் ஆகியவற்றால் கறை நீக்குவது தீ விபத்துக்கு வழிவகுக்கும்.

வாடை போக நாப்தலீன் உருண்டைகளை இருக்கைக்கு அடியில் போடும் பழக்கம் உள்ளது. ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உள்ள குழந்தைக்கு அதன் ஆவியே இரத்தச் சிவப்பணுக்கள் உடையக் காரணமாகலாம். கற்பூரத்தைக் குழந்தை விழுங்கினால் வலிப்பு வரும். நறுமணத் தெளிப்பான்கள் ஆஸ்துமாவைத் தூண்டக்கூடும். சுத்தமான காருக்கு எந்த மணமும் தேவையில்லை.

வெள்ளம் புகுந்த கார்

2023 டிசம்பர் 3, 4 ஆகிய நாள்களில் மிக்ஜாம் புயல் மழையால் திருவள்ளூர் மாவட்டத்தின் பல பகுதிகளில் கார்களுக்குள் நீர் புகுந்தது. அத்தகைய நீரில் கழிவுநீர் கலந்திருக்கும். எண்ணூர் முகத்துவாரப் பகுதியில் எண்ணெயும் கலந்திருந்தது. இது காரீயத் தூசியிலிருந்து வேறான சிக்கல். இங்கே எதிரி பூஞ்சை, நேரமே முக்கியம். நனைந்த கம்பளமும் அதன் அடிமெத்தையும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலராவிட்டால் பூஞ்சை வளரத் தொடங்கும். மேல்துணி காய்ந்தது போலத் தோன்றினாலும் அடிமெத்தை நீரைப் பிடித்து வைத்திருக்கும். எனவே கம்பளத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டும். இருக்கைகளைக் கழற்றி அடிவரை உலர்த்துவதைப் பணிமனையில் செய்துகொள்வது நல்லது. பூஞ்சை படர்ந்த அடிமெத்தையை மாற்றியே ஆக வேண்டும்; கழுவிப் பயனில்லை.

கையுறையும் முழங்கால்வரை ரப்பர்க் காலணியும் அணியாமல் வெள்ளச் சேற்றைத் தொட வேண்டாம். காலில் புண் உள்ளவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரும் வாய்ப்பு உண்டு. அதன்பின் காய்ச்சலும் கெண்டைக்கால் தசைவலியும் வந்தால், வெள்ளநீரில் இறங்கியதை மருத்துவரிடம் சொல்லவும். ஆஸ்துமா நோயாளியும் எதிர்ப்புச் சக்தி குறைந்தோரும் பூஞ்சை வாடை முற்றிலும் போகும்வரை அக்காரில் பயணம் செய்யலாகாது. டயாலிசிஸ், புற்றுநோய் சிகிச்சை போன்றவற்றுக்கு முறையாகச் செல்வோர் அந்நாள்களில் வேறு வாகனம் ஏற்பாடு செய்துகொள்ளவும்.

மீண்டும் படியாமல் இருக்க

மேலே சொன்னபடி ஒரு நாள் முழுவதும் உழைத்துத் தூய்மை செய்த காரை, மறுநாள் மாலை பணியுடையோடு ஒருவர் வந்து அமர்வதாலேயே பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட முடியும். ஆகவே தூய்மை செய்யும் நாளுக்கு முன்பே இதைத் தீர்மானித்துக்கொள்ளவும். பணி முடிந்ததும் தொழிற்சாலையிலேயே குளித்து, உடையையும் காலணியையும் மாற்றிய பின்னரே காரில் ஏற வேண்டும். பணியுடையை மூடிய பையில், டிக்கியில் கொண்டுவந்து, குடும்பத்தினர் துணியோடு சேர்க்காமல் துவைக்க வேண்டும். உடை துவைக்கும் வசதியை நிறுவனமே செய்து தந்தால் இன்னும் நல்லது.

இதைக் கேட்பது சலுகையைக் கேட்பதாகாது. தொழிலாளர்கள் கழுவிக்கொள்ளவும், பணிநேரத்தில் அணியாத உடையை வைத்துக்கொள்ளவும் வசதி செய்வதைத் தொழிற்சாலைகள் சட்டம் 1948-இலேயே நிறுவனத்தின் கடமையாக்கியது. காரீய நஞ்சேற்றம் அச்சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், மருத்துவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களுள் முதலாவதாக இடம்பெற்றது. ஒப்பந்தத் தொழிலாளர்கள் பலருக்குக் குளியலறை இருந்தும் பணி முடிந்ததும் வேன் உடனே கிளம்பிவிடுவதால் குளிக்க நேரமில்லை என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். பதினைந்து நிமிடம் தாமதமாக வேன் கிளம்புவது பல குழந்தைகளைக் காக்கும். மேற்பார்வையாளர்களும் இதைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

இரு சக்கர வாகனத்தில் செல்வோரும் விலக்கல்லர். குழந்தை முன்னே அமரும் பெட்ரோல் டேங்கின் உறை, இருக்கை, ஹெல்மெட்டின் உள்மெத்தை ஆகியவற்றில் அதே தூசி இருக்கும். டேங்க் உறையை எடுத்துவிடலாம். உள்மெத்தை கழற்றக்கூடியதாக இருந்தால் வாரம் ஒரு முறை துவைக்கவும்.

குளித்து உடைமாற்றும் ஏற்பாடு அமையும்வரை, 6 வயதுக்கு உட்பட்ட குழந்தையையும் கர்ப்பிணியையும் அந்த வாகனத்தில் ஏற்றாமல் இருப்பதே பாதுகாப்பு.

பரிசோதனையும் சிகிச்சையும்

கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் காரில் காரீயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. குழந்தையின் இரத்தமே தெளிவான விடையைத் தரும். காரீயம் தொடர்பான பணியில் எவரேனும் உள்ள குடும்பத்தில் சிறு குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும், அறிகுறி இல்லாவிட்டாலும், இரத்தக் காரீய அளவைப் பார்ப்பது நல்லது. ஈ.எஸ்.ஐ. காப்பீடு உள்ளோர் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்திலும், மற்றோர் ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மருத்துவரை அணுகி ஆலோசனை பெறலாம். எந்த நோய்க்காகச் சென்றாலும் வீட்டினர் செய்யும் வேலையைச் சொல்லவும். இரும்புச்சத்து மருந்து கொடுத்தும் தேறாத இரத்தசோகையில், "அப்பா பேட்டரி உடைக்கும் இடத்தில் வேலை செய்கிறார்" என்ற ஒரு வாக்கியம் மருத்துவரின் சிந்தனையைச் சரியான திசைக்குத் திருப்பும்.

அளவு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், காரீயம் வரும் வழியைக் கண்டறிந்து அடைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். குழந்தைகளுக்கு 45 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் இருந்தால், காரீயத்தைப் பிணைத்துச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்துகள் மருத்துவரின் மேற்பார்வையில் கொடுக்கப்படும். அம்மருந்து கொடுத்துத் தேற்றிய குழந்தையை அதே காரில் வீட்டுக்கு அழைத்துச் சென்றால் மீண்டும் அளவு உயரும். "நச்சு நீக்கும்" பொடிகளையும் லேகியங்களையும் தாமாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

கேழ்வரகு, பால், முருங்கைக்கீரை, பயறு வகைகள், நெல்லிக்காய், கொய்யா ஆகியவற்றால் சுண்ணாம்பு, இரும்பு, வைட்டமின் சி போதிய அளவு கிடைக்கும் உடல் காரீயத்தைக் குறைவாக உறிஞ்சும். இது துணைமட்டுமே, தூசியை நீக்குவதற்கு மாற்றாகாது. வெறும் வயிற்றிலும் உறிஞ்சுதல் கூடும் என்பதால், குழந்தை காலையில் உண்ணாமல் காரில் ஏற வேண்டாம்.

தூய்மை செய்து, உடைமாற்றும் ஏற்பாடும் அமைந்த பிறகு, மருத்துவர் சொல்லும் நாளில் மறுபரிசோதனை செய்யவும். இரத்தத்திலுள்ள காரீயம் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். எலும்பில் சேர்ந்தது மெதுவாகக் கசிவதால் அதைவிடக் கூடுதலாகவும் ஆகலாம். முதல் மாதத்தில் எதிர்பார்த்த அளவு குறையாததைக் கண்டு மனம் தளர வேண்டாம். மூன்று மாதமாகியும் குறையவில்லையெனில் வேறு வழி திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தாத்தாவின் பழைய இரும்புக் கடை, பக்கத்து வீட்டில் பேட்டரி உடைக்கும் இடம், மாமாவின் வேன் ஆகிய எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்லவும்.

கடுமையான வயிற்றுவலி, தொடர் வாந்தி, வலிப்பு, குழந்தை மயங்கிச் சோர்தல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் 108 ஆம்புலன்சை அழைத்து உடனே மருத்துவமனைக்கு வரவும். மற்ற ஐயங்களுக்கு 104 மருத்துவ உதவி எண்ணை எந்நேரமும் தொடர்புகொள்ளலாம்.